செங்கல்பட்டு ஊசியும் நம் உடல் கணக்கும்



அயோத்திதாசப் பண்டிதரின் நினைவில் பேச அழைத்திருக்கிறீர்கள். பண்டிதர் என்றதும் நாம் பௌத்தத்தைப் பேசுவோம், ‘தமிழன்’ இதழைப் பேசுவோம். அவர் சித்த மருத்துவர் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவோம். நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த அதே மனிதர்தான், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் சனங்கள் தங்களை ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்று பதிந்துகொள்ள வேண்டும் என்று வாதாடினார். உடலைத் தெரிந்துகொள்வது ஒரு வேலை. அந்த உடலை எந்தப் பெயரில், யாருடைய பேரேட்டில் எழுதுவது என்பது இன்னொரு வேலை. பண்டிதர் இரண்டையும் செய்தார். நான் இன்று பேசப்போவது இரண்டாவது வேலையைப் பற்றி.

நான் மருத்துவன் அல்ல. பொதுசுகாதாரக் கணக்குகளோடு பழகியவன், அவ்வளவுதான். ஆகவே தடுப்பூசி நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் போகமாட்டேன். என் குழந்தைகளுக்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறேன்.

என் ஆயா திருவள்ளூருக்கு மேற்கே ஒரு காலனியில் வாழ்ந்து முடித்தவர். ‘ஊசிக்காரங்க வந்த வருஷம்’ என்று அவரிடம் ஒரு காலக்கணக்கு இருந்தது. யார் எப்போது பிறந்தார்கள், எந்த வருடம் ஏரி உடைந்தது என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் சொல்வார். வீட்டுக்கு வீடு பெயர் எழுதினார்கள், வண்டியில் வைத்து நெஞ்சைப் படம் பிடித்தார்கள், கையில் ஊசி போட்டார்கள். அது என்ன ஊசி, உங்களிடம் என்ன சொல்லிப் போட்டார்கள் என்று ஆயா இருந்தவரை நான் கேட்கவில்லை. பட்டணத்தில் படிக்க வந்தபிறகு, வெளிநாட்டுப் பாடநூல் ஒன்றில் ‘செங்கல்பட்டு ஆய்வு’ என்று பார்த்தபோதுதான் உறைத்தது. ஆயாவின் ‘ஊசிக்கார வருஷம்’ உலக மருத்துவ வரலாற்றில் ஒரு தேதி.

விஷயம் இதுதான். 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னைக்கு மேற்கே, காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுசுகாதாரப் பணித்துறை மூன்றும் சேர்ந்து நடத்தின. 209 பஞ்சாயத்துகள், ஒன்பது சிறுநகரங்கள். குழந்தை முதல் கிழவர் வரை 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். பிரெஞ்சு வகை, டேனிஷ் வகை என்று இரண்டு வகைக் கிருமி. அதிக அளவு, குறைந்த அளவு என்று இரண்டு அளவு. ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. குறியீட்டு எண்தான் தெரியும். இது ஏமாற்று அல்ல; மருந்தின் பலனை நேர்மையாக அளக்க இதைவிட நல்ல வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால், அப்படிச் சேருகிறவருக்கு அதைச் சொல்லித்தான் சேர்க்க வேண்டும் என்பது இன்றைய விதி. 1968இல் ஐ.சி.எம்.ஆரிடம் மனிதர்கள் மீதான ஆராய்ச்சிக்கென்று ஒரு நெறிமுறை அறிக்கையே கிடையாது. முதல் அறிக்கை 1980இல்தான் வந்தது.

இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்து எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைப் பரிசோதித்தார்கள். ஏழரை ஆண்டுக் கணக்கு 1979இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. உலகமே அதிர்ந்தது. நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. பாதுகாக்கவில்லை. பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999இல் வந்தபோதும், பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, குழந்தைகளுக்குக் கொஞ்சம் உண்டு என்ற அளவில்தான் முடிந்தது. ஏன் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள வேறு கிருமிகள் ஏற்கெனவே நம் உடலைப் பழக்கிவிட்டதால் ஊசியின் வேலை தெரியாமல் போகிறது என்பது ஒரு விளக்கம். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் பிறந்ததும் பி.சி.ஜி. போடுவது தொடர்கிறது, அது சரியும்கூட.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, எதிர்பாராத முடிவை அவர்கள் மறைக்கவில்லை என்பது. இந்திய விஞ்ஞானிகளும் வெளிநாட்டினரும் சேர்ந்து, ‘வேலை செய்யவில்லை’ என்று பகிரங்கமாக எழுதினார்கள். இன்றுவரை காசநோய்த் தடுப்பூசி பற்றி எந்த நாட்டில் எவர் எழுதினாலும் செங்கல்பட்டைக் குறிப்பிடாமல் எழுத முடியாது. ஜெனிவாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன அந்தக் கணக்கு திருவள்ளூர்க் காலனிக்கு வந்ததா என்பதுதான் என் கேள்வி. மாவட்டத்தைப் பிரித்து 1997இல் திருவள்ளூர் தனியானது, பெயர்கூட மாறிப்போனது. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். தங்கள் உடல் உலகப் பாடநூலில் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

தரவு எல்லை தாண்டிப் போவதே தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்கு நேர்மாறான உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. ஐ.சி.எம்.ஆர்., சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சேர்ந்து நடத்திய இடம் அது. அன்று காசநோய் என்றால் சானடோரியம்தான் வைத்தியம்: நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று. நம்மில் யாருக்கு அது வாய்க்கும்? இந்த மையம் இருநூறு பேருக்கும் குறைவான நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்திலும் இன்னொரு பிரிவை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீடு என்றால் என்ன வீடு? நெரிசலான, அரைவயிற்றுச் சென்னை வீடு. ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாயின. வீட்டில் இருந்த நோயாளியால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் அது வெளியானபின் உலகின் ஏழை நாடுகளெல்லாம் வீட்டுச் சிகிச்சைக்கு மாறின. இன்று ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு தொழிலாளி வேலையை விடாமல் காசநோய் மாத்திரை சாப்பிட முடிகிறதென்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது. சென்னை ஏழையின் உடல் கொடுத்த தரவு உலகைச் சுற்றிவிட்டுச் சென்னை ஏழைக்கே திரும்பியது.

மூன்றாவது உதாரணம் இன்னும் பக்கத்தில். அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில், ஹவுசிங் போர்டு பகுதியில், தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அது ஏதோ அரசு அலுவலகம் என்று நினைத்துக் கடந்திருப்பீர்கள். 2020இல் நாடு முழுக்க எத்தனை பேருக்குக் கொரோனா வந்துபோனது என்று ரத்தத்தை எடுத்துக் கணக்கிட்ட ஆய்வை முன்னின்று நடத்தியது இந்த நிறுவனம்தான். 1999இல் இரண்டு அமைப்புகளை இணைத்து இதை உருவாக்கினார்கள். அவற்றில் ஒன்று ஆவடியில் இருந்த தொழுநோய்க் கள ஆய்வுப் பிரிவு. அந்த ஆவடிப் பிரிவு 1991இல் தொடங்கி செய்த வேலை பெரிது. தொழுநோய்க்குத் தடுப்பூசி உண்டா என்று பார்க்க, மூன்று லட்சம் பேரைப் பரிசோதித்து, அதில் 1,71,400 பேருக்கு ஐந்து வகை ஊசிகளில் ஒன்றைப் போட்டார்கள். தில்லியில் உருவானது ஒன்று, பம்பாயில் உருவானது ஒன்று, பி.சி.ஜி. ஒன்று, பி.சி.ஜி.யோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமி கலந்தது ஒன்று, வெற்று ஊசி ஒன்று. தொழுநோய்க் கிருமியைச் சோதனைக் குழாயில் வளர்க்க முடியாது. போதிய அளவு வேண்டுமென்றால் அர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலில் வளர்க்க வேண்டும். வெனிசுவேலாவிலும் ஆப்பிரிக்காவின் மலாவியிலும் இதே கேள்வியோடு ஆய்வுகள் நடந்தன. மூன்று நாட்டுக் கணக்கையும் அருகருகே வைத்துத்தான் விஞ்ஞானிகள் படித்தார்கள். நம் பகுதிக் கணக்கில், கலவை ஊசி 64 சதவீதமும் பம்பாய் ஊசி 65.5 சதவீதமும் பாதுகாப்புத் தந்தன என்று 1998இல் வெளியானது.

தொழுநோய் என்றால் நம் தெருவில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது நோய் மட்டுமல்ல, ஒதுக்கலின் மேல் இன்னொரு ஒதுக்கல். ஒரு பெயருக்கு எதிரே ‘தொழுநோய்’ என்று ஒரு குறி இருந்தால், அந்தப் பெயர் இருக்கும் பேரேடு எங்கே பூட்டப்பட்டிருக்கிறது என்பது கல்யாணத்தையும் வேலையையும் பாதிக்கிற விஷயம்.

இங்கேதான் ‘பெயரை நீக்கிவிட்டுத்தான் பகிர்கிறோம்’ என்ற உறுதிமொழியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பெயர், கதவு எண், ஆதார் எல்லாவற்றையும் நீக்கிவிடுவார்கள். வயது, பாலினம், ஊர், சாதிப் பிரிவு, நோய் மட்டும் இருக்கும். அண்ணா நகரில் இது போதுமான முகமூடி. நாற்பது வீடு உள்ள காலனியில்? 43 வயது, பெண், பட்டியல் சாதி, இந்தப் பஞ்சாயத்து, இந்த நோய் என்றால், பெயரே வேண்டாம், டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். சிறிய எண்ணிக்கையில் வாழ்கிறவர்களுக்கு முகமூடி மெல்லியது. நல்ல ஆய்வாளர்கள் இதை அறிவார்கள். ஊரை எடுத்துவிட்டு மாவட்டம் மட்டும் வைப்பார்கள், வயதைப் பத்துப் பத்தாகச் சேர்ப்பார்கள். அதை எல்லாரும் செய்கிறார்களா என்று கேட்க நம்மில் ஆள் வேண்டும்.

ஒப்புதல் என்பதும் அப்படித்தான். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்திலும் பாத் என்ற அமெரிக்க அமைப்பு ஐ.சி.எம்.ஆரோடு சேர்ந்து பத்திலிருந்து பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி போட்டது. கம்மத்தில் பெரும்பகுதி ஆதிவாசிப் பிள்ளைகள், பலர் விடுதிப் பிள்ளைகள். சில பிள்ளைகள் இறந்த செய்தி வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. மரணங்களுக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் தந்த அறிக்கையில் இருந்தது வேறு விஷயம். ஆந்திரத்தில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948இல் கைநாட்டு. 2,763இல் கையெழுத்துப் போட்டவர் விடுதிக் காப்பாளர். ஆதிதிராவிடர் நல விடுதியில் படித்த எவருக்கும் இதைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். அம்மா அப்பாவின் இடத்தில் வார்டன் நின்று பிள்ளையின் உடலுக்குச் சம்மதம் தருகிறார். அந்த ஊசி நல்ல ஊசி. அதைப் போட்ட முறையால், நல்ல ஊசியின் மேலேயே சனங்களுக்குச் சந்தேகம் வந்தது.

வெளிநாட்டிலும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் என்ற சிறிய பழங்குடி. அவர்களிடையே நீரிழிவு அதிகம். அதற்கு வழி கிடைக்கும் என்று 1990களில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை வைத்து மனநோய் பற்றியும், தங்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் கட்டுரைகள் வந்திருப்பது பின்னால்தான் தெரிந்தது. வழக்கு போட்டார்கள். 2010இல் சமரசமாகி, ஏழு லட்சம் டாலரோடு மிச்சமிருந்த ரத்த மாதிரிகளையும் வாங்கி ஊருக்குக் கொண்டுபோனார்கள். கனடாவின் பூர்வகுடிகள் இன்னும் ஒருபடி முன்னே போய், எங்களைப் பற்றிய தரவு எங்கள் சொத்து, எங்கள் கட்டுப்பாட்டில், எங்கள் கைக்கு எட்டும்படி, எங்கள் வசம் இருக்க வேண்டும் என்று 1998இலேயே ஒரு கொள்கையை வகுத்தார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லை. தலித் இயக்கம் நிலத்துக்காகப் போராடியிருக்கிறது, இடஒதுக்கீட்டுக்காக, சுடுகாட்டுப் பாதைக்காகப் போராடியிருக்கிறது. தரவை இன்னும் நாம் ஒரு சொத்தாகப் பார்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? வெளிநாட்டோடு சேர்ந்து செய்யும் சுகாதார ஆய்வுக்குச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதி தர வேண்டும். அந்த ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் தனிமனிதத் தரவுப் பாதுகாப்பில் நமக்கு நடந்ததைக் கவனியுங்கள். 2019இல் நாடாளுமன்றத்தில் வைத்த மசோதாவில் ‘நுண்ணுணர்வுத் தரவு’ என்று ஒரு தனி வகை இருந்தது. உடல்நலம் அதில் இருந்தது. சாதி அல்லது பழங்குடி என்பதும் அதில் இருந்தது. கூடுதல் காவல் உள்ள பெட்டி அது. அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டு, 2023இல் சட்டமாக வந்தபோது அந்தப் பெட்டியே இல்லை. எல்லாத் தரவும் ஒன்றுதான். மத்திய அரசு தடைசெய்து அறிவிக்கும் நாடுகளைத் தவிர எங்கே வேண்டுமானாலும் தரவு போகலாம். ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் சில நிபந்தனைகளோடு விலக்கும் உண்டு. என் சாதியும் என் நோயும், நான் வாங்கிய செல்போன் ரீசார்ஜும் சட்டத்தின் கண்ணில் ஒரே ரகம்.

அப்படியானால் சாதியை எழுதவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? இளைஞர்கள் பலர் அப்படிக் கேட்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. கொரோனா முதல் அலையிலேயே, 2020 மே மாதத்தில், இங்கிலாந்தின் புள்ளிவிவர அலுவலகம் எந்த இனத்தவர் அதிகம் சாகிறார்கள் என்று கணக்கு வெளியிட்டது. கறுப்பின மக்கள் கூடுதலாகச் சாவது தெரிந்தது, அரசாங்கம் பதில் சொல்ல வேண்டிவந்தது. இந்தியாவில் யார் செத்தார்கள் என்று சாதிவாரியாக அரசு ஒரு கணக்கும் வெளியிடவில்லை. பிணத்தை எரித்தவர் யார், ஆஸ்பத்திரிக் கழிவை அள்ளியவர் யார் என்று நமக்குத் தெரியும், ஏட்டில் இல்லை. 2022இல் சங்கீதா வியாஸ், பாயல் ஹாத்தி, ஆஷிஷ் குப்தா மூவரும் ஓர் அமெரிக்க அறிவியல் இதழில் எழுதிய கட்டுரை இதற்கு மறுபக்கம். 2010-11இல் இந்திய அரசு ஒன்பது மாநிலங்களில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பை வைத்து, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேலும், ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுக்கு மேலும் குறைவு என்று காட்டினார்கள். பொருளாதார வித்தியாசத்தை வைத்து மட்டும் இந்த இடைவெளியை விளக்க முடியாது என்றும் சொன்னார்கள். தீண்டாமை ஆயுளைக் குறைக்கிறது என்று நாம் மேடையில் சொன்னால் உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்பார்கள். அதை எண்ணில் சொல்ல முடிந்ததற்கு இரண்டு காரணம்: படிவத்தில் சாதிக்கு ஒரு கட்டம் இருந்தது, அந்தக் கோப்பு ஆய்வாளர்களுக்குத் திறந்திருந்தது. அந்த ஒன்பதில் தமிழ்நாடு கிடையாது. நமக்கு எத்தனை ஆண்டு குறைகிறது என்ற கணக்கை அங்கே தேட முடியாது.

ஆக, மூடிவைப்பது நமக்கு உதவாது. 2021 ஏப்ரல் கடைசியில், இரண்டாம் அலையில் சனங்கள் ஆக்சிஜனுக்கு அலைந்தபோது, நூற்றுக்கணக்கான இந்திய விஞ்ஞானிகள் ஐ.சி.எம்.ஆரிடம் இருக்கும் பரிசோதனைத் தரவைத் தங்களுக்குத் திறந்துவிடச் சொல்லிப் பிரதமருக்கு எழுதினார்கள். பூட்டு எல்லைக்கு அப்பால் மட்டுமல்ல, எல்லைக்கு உள்ளேயும் தொங்குகிறது.

கொடுப்பவர் நிபந்தனை வைக்க முடியும் என்பதற்கு இந்தோனேசியா ஒரு சாட்சி. 2007இல் பறவைக் காய்ச்சல் கிருமி மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தரமாட்டோம் என்று அந்த நாடு நிறுத்தியது. எங்கள் மாதிரியில் தடுப்பூசி செய்து எங்களுக்கே எட்டாத விலையில் விற்கிறீர்கள் என்பது அதன் வாதம். ஆபத்தான வாதம், தொற்றுநோய் யாருக்காகவும் காத்திருக்காது. ஆனால் அதன் பலனாக 2011இல் கிருமி மாதிரிக்கும் தடுப்பூசிப் பங்குக்கும் ஓர் உலக ஒப்பந்தம் வந்தது. 2025 மே 20இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று ஒப்பந்தத்திலும் இதே பேரம்தான் நடுநாயகம்: கிருமியையும் அதன் மரபணுத் தகவலையும் தருகிற நாட்டுக்கு மருந்தில் என்ன பங்கு? அங்கே பேசுவது நாடுகள். இந்தியா தன் பங்கைக் கேட்கிறது, கேட்கட்டும். இந்தியாவுக்குள் சேரியின் பங்கைக் கேட்பது யார்?

ஒரு கதவு இப்போதே திறந்திருக்கிறது, நாம்தான் நுழையவில்லை. மனிதர்கள் மீது ஆராய்ச்சி நடத்தும் எந்த நிறுவனத்திலும் நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, அந்தக் குழுவில் பாதிப்பேராவது வெளியாட்களாக இருக்க வேண்டும். மருத்துவம் படிக்காத சாதாரணப் பொதுமக்களில் ஒருவர் கட்டாயம். அந்த நாற்காலியில் பெரும்பாலும் யார் உட்கார்கிறார்கள் என்று உங்கள் பகுதியில் விசாரித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த, நம் தெருவைத் தெரிந்த ஒரு பெண் அங்கே உட்கார்ந்து, ‘இந்தப் படிவத்தைத் தமிழில் எங்கள் அம்மாவுக்குப் புரியும்படி படித்துக் காட்டுங்கள்’ என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. கோப்பு எந்த நாட்டுக்குப் போகும், எத்தனை வருடம் இருக்கும், வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தினால் திரும்பக் கேட்பீர்களா, முடிவை எந்தத் தேதியில் எங்கள் தெருவில் வந்து சொல்வீர்கள் என்பவை அடுத்த கேள்விகள். கடைசிக் கேள்விக்குத்தான் எனக்குத் தெரிந்து பதில் வருவதே இல்லை.

போன பொங்கலுக்கு ஆயாவின் காலனிக்குப் போனபோது, 1979இல் வந்த அந்த முடிவை நானே ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஊசி போட்டுக்கொண்ட வயதில் இருந்த நாலைந்து கிழவிகள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர் ரவிக்கைக் கையை மேலே தள்ளி இடது தோளைக் காட்டி, “அப்போ எனக்குப் போட்டது மருந்தா, வெறும் தண்ணியாப்பா?” என்றார். தழும்பு இருந்தால் மருந்தாக இருக்கலாம் ஆயா என்றேன். உற்றுப் பார்த்தேன். அம்மை குத்தினதும் அதே இடத்தில்தான். பக்கத்திலிருந்தவர் தன் தோளையும் காட்டினார். அங்கே இரண்டு தழும்பு இருந்தது. உங்கள் சீட்டு எண் தெரிந்தால் ஒருவேளை சொல்ல முடியும் என்றேன். “சீட்டா? அத எப்பவோ மழையில போச்சு” என்றார். “அவங்ககிட்ட இருக்குமில்ல?”